மர்ஹலாவிலிருந்து மணிக்கணக்கு வரை

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம் என்று வினவினால் இருவகை விடைகள் கிடைக்கும். பூகோளம் கற்றவர், 'ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர்' என்பார். பயணச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர், 'ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி நேரம்' என்பார். இரண்டும் சரியான விடைகளே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னது நிலத்தின் அளவு. பின்னது மனிதன் பெற்றுள்ள வாகனத்தின் அளவு. நிலத்தின் அளவு மாறுவதில்லை. வாகனத்தின் அளவோ நூற்றாண்டுதோறும் மாறி வந்திருக்கிறது.

இந்த இரண்டு எண்களுக்கும் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அதில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிது. தொழுகையின் திசை, நோன்பின் நேரம், ஹஜ்ஜின் எல்லை, பயணியின் சலுகை ஆகிய அனைத்தும் தூரத்தையும் காலத்தையும் சார்ந்தவை. ஆதலால் இவ்வரலாற்றை அறிவது நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

காலமே அளவுகோல்

பண்டைக் காலத்தில் தூரத்தைக் காலத்தாலேயே அளந்தனர். ஒரு நாள் நடை, ஒரு மாத வழி என்று கூறுவதே வழக்கம். நபி ஸுலைமான் (அலை) அவர்களுக்கு வசப்படுத்தப்பட்ட காற்றின் வேகத்தைத் திருமறை குறிப்பிடும்போது, காலைப் பொழுதில் ஒரு மாத வழி, மாலைப் பொழுதில் ஒரு மாத வழி என்றே உணர்த்துகிறது. கேட்ட அரபு மக்களுக்கு அந்த அளவு உடனே விளங்கிற்று.

ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் கடக்கும் வழிக்கு 'மர்ஹலா' என்று பெயர். மூன்று மைல் ஒரு ஃபர்ஸக். நான்கு ஃபர்ஸக் ஒரு பரீத். எட்டு ஃபர்ஸக் ஒரு மர்ஹலா. கடலோடிகளுக்கும் இவ்வாறே ஓர் அளவு இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் போன்றோர் 'ஜாம்' என்னும் அளவைப் பயன்படுத்தினர். மூன்று மணி நேரத்தில் கப்பல் ஓடும் தூரமே ஒரு ஜாம். நட்சத்திரத்தின் உயரத்தை விரல் அகலத்தால் அளந்து, 'இஸ்பஉ' என்று வழங்கினர். கை நீட்டி நட்சத்திரத்தை அளந்தே கப்பல் எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று கண்டுகொண்டனர்.

அக்காலப் பயணங்கள் எவ்வளவு காலம் பிடித்தன என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். அந்தலூஸைச் சேர்ந்த இப்னு ஜுபைர் 1183 பிப்ரவரியில் கிரனாடாவிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டில் மக்கா சேர்ந்தார். செங்கடலின் மேற்குக் கரையிலுள்ள ஐதாபிலிருந்து எதிர்க்கரையிலுள்ள ஜித்தாவுக்கு வருவதற்கு மட்டும் அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஆணி அடிக்காமல் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட மரக்கலங்கள் அவை. அவற்றில் ஹாஜிகளை நெருக்கி அடைத்த படகுக்காரர்களை அவர் தம் பயண நூலில் கடிந்து எழுதியுள்ளார். இப்னு பதூதா 1325 ஜூனில் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டார். அவர் தம் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றியது 1326 நவம்பரில். ஏறத்தாழ பதினேழு மாதங்கள்! பின்னாளில் மஅபர் என்று அரபிகள் வழங்கிய நம் தமிழகக் கரைக்கும் வந்து, மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தவர் இவரே.

பாகையை அளந்தவர்கள்

காலத்தால் தூரத்தைச் சொல்வதில் ஒரு குறை உண்டு. குதிரைக்கு ஒரு கணக்கு, ஒட்டகத்துக்கு ஒரு கணக்கு, காற்று வாய்த்த கப்பலுக்கு வேறொரு கணக்கு. நடக்காமலே தூரத்தை அறிய வேண்டுமாயின் பூமியின் பருமன் தெரிந்தாக வேண்டும்.

அப்பாஸியக் கலீஃபா மஃமூன் (ஆட்சிக் காலம் 813 - 833) இப்பணிக்கு அறிஞர் குழுக்களை அமைத்தார். இன்றைய இராக்கின் வடபகுதியிலுள்ள ஸிஞ்சார் சமவெளியில் ஓரிடத்திலிருந்து ஒரு குழு வடக்கு நோக்கியும் மற்றொரு குழு தெற்கு நோக்கியும் நடந்தது. வானத்து அளவு ஒரு பாகை மாறும் வரை கயிற்றால் நிலத்தை அளந்துகொண்டே சென்றனர். ஒரு பாகைக்கு ஐம்பத்தாறு மைலும் மூன்றில் இரண்டு பங்கும் என்பது அவர்கள் கண்ட முடிவாக அல்ஃபர்கானீ எழுதினார். அரபு மைல் நாலாயிரம் முழம் கொண்டது. அதனை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு எனக் கொண்டால், இன்று கண்டுள்ள 111 கிலோமீட்டரை அது நெருங்கி நிற்கிறது.

இந்த எண்ணைப் பின்னாளில் எடுத்தாண்டவர்களுள் கொலம்பஸும் ஒருவர். அல்ஃபர்கானீயின் எண்ணை ஏற்ற அவர், அதிலுள்ள மைல் அரபு மைல் என்பதை மறந்தார். அதைவிடக் குறுகிய இத்தாலி மைலாகக் கருதிக் கணக்கிட்டார். பூமி நான்கில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது! மேற்கே சென்றால் விரைவில் ஆசியாவை அடையலாம் என்ற அவருடைய நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம். எண்ணைக் கடன் வாங்கியவர் அலகைக் கடன் வாங்கத் தவறினார். கணக்குக் கற்கும் நம் பிள்ளைகள் மறக்கக்கூடாத பாடம் இது.

ஸிஞ்சாரில் நடந்தது போன்றதொரு பணி நம் ஊரிலும் நடந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கிற்று. பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் இன்று சென்னை விமான நிலையம் இருக்கிறது. ஜித்தா செல்லும் ஹாஜிகள் பூமியை அளக்கத் தொடங்கிய இடத்துக்கு அருகிலிருந்தே பூமியைக் கடக்கத் தொடங்குகின்றனர்.

அல்பிரூனியின் நூல்

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரம் என்னும் இப்பொருளுக்கென்றே ஒரு முழு நூல் எழுதிய பேரறிஞர் அபூ ரைஹான் அல்பிரூனி. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர். அவருடைய நூலின் பெயர் 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின் லி தஸ்ஹீஹி மஸாஃபாத்தில் மஸாகின்'. மக்கள் வாழும் ஊர்களுக்கு இடைப்பட்ட தூரங்களைச் சரிசெய்யும் பொருட்டு இடங்களின் எல்லைகளை வரையறுத்தல் என்பது அதன் கருத்து. 1025இல் முடிவுற்ற அந்நூலின் ஒரே கையெழுத்துப் படி இஸ்தான்புல்லில் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1967இல் பெய்ரூத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காண்பதே அந்நூலின் இலக்கு. கிப்லாவைக் காண அட்சரேகையும் தீர்க்கரேகையும் தேவை. அட்சரேகையைச் சூரியனைக் கொண்டோ நட்சத்திரத்தைக் கொண்டோ அறியலாம். தீர்க்கரேகை அவ்வளவு எளிதில் கிட்டுவதன்று. இரண்டு ஊர்களில் ஒரே கணத்தில் மணி என்ன என்று தெரிந்தால்தான் அது கிட்டும். தந்தியும் வானொலியும் இல்லாத காலத்தில் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான கணம் எது? வானத்தில் நிகழும் சந்திர கிரகணமே அது!

997ஆம் ஆண்டு மே 24இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரில் இளைஞர் அல்பிரூனியும், பக்தாதில் முதுபெரும் கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு நோக்கினர். இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு என்று கண்டனர். இன்றைய கணக்கும் ஒரு மணியும் சில நிமிடங்களுமே. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த இருவர் நிலவின் நிழலை நம்பி ஒரே வேலையைச் செய்து முடித்த அந்த இரவு, அறிவு வரலாற்றில் அழகியதோர் இரவாகும்.

கஸ்னாவுக்கும் பக்தாதுக்கும் இடைப்பட்ட அளவைக் காண அவர் மற்றொரு வழியையும் கையாண்டார். வணிகக் கூட்டத்தார் சொல்லும் வழித் தூரங்களைத் திரட்டினார். வழியின் வளைவு நெளிவுகளுக்காக அவற்றில் ஒரு பங்கைக் கழித்தார். ஊர் ஊராகச் சங்கிலி போல் கோத்துக் கோளக் கணிதத்தால் தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணித்தார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இன்றைய கருவிகள் தரும் அளவோடு ஒப்பிட்டால் அவருடைய பிழை அரைப் பாகைக்கும் குறைவு.

இப்பணியை அவர் அரசவையின் சொகுசில் இருந்து செய்யவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 1017இல் சுல்தான் மஹ்மூதால் தாயகத்திலிருந்து கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். 1018இல் காபூலுக்கு அருகே ஒரு சிற்றூரில் கருவி எதுவுமின்றி இருந்தபோது, கணக்குப் போடும் பலகையின் பின்புறத்தில் வட்டத்தின் ஒரு பகுதியைக் கீறி, அதையே கருவியாக்கிச் சூரியனை அளந்தார். கருவி இல்லை என்று கைகட்டி நிற்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த விடை வேறு என்ன வேண்டும்?

பூமியின் பருமனை ஒற்றை ஆளாக நின்று அளக்கும் முறையையும் அவர் கண்டார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டை மலையில் ஏறி, அடிவானம் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே தாழ்ந்து தெரிகிறது என்று நோக்கினார். மலையின் உயரம் 652 முழம். தாழ்வு 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்று அதிகம். இந்த இரண்டு எண்களைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணித்தார். பாலைவனத்தில் கயிறு பிடித்து நடக்கும் வேலை ஒரு மலையுச்சியில் முடிந்துவிட்டது!

நேர்கோடு எது?

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சென்னையையும் மக்காவையும் ஒரு கோலால் இணைத்தால், அக்கோடு நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். உருண்டையின் மேல் நூல் பிடித்து இழுத்துப் பார்த்தாலோ, அது சென்னையில் 18 பாகை சாய்ந்து புறப்படும். மிகக் குறுகிய வழி இரண்டாவதே. காகிதம் தட்டையானது, பூமி தட்டையன்று. கிப்லாவைக் கணித்த முன்னோர் கோளக் கணிதத்தையே கையாண்டனர். அவர்களின் கணக்கும் விமானிகளின் கணக்கும் ஒன்றே.

நமக்கு 12க்கும் 18க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். நியூயார்க்கைப் பாருங்கள். மக்கா அந்நகரத்துக்குத் தெற்கே, குறைந்த அட்சரேகையில் இருக்கிறது. ஆயினும் அங்கு உருண்டைக் கணக்கின்படி கிப்லா வடகிழக்குப் பக்கம், வடக்கிலிருந்து 58 பாகை அளவில் அமைகிறது. அங்கிருந்து ஜித்தாவுக்குள்ள 10,200 கிலோமீட்டரைக் கடக்கும் விமானமும் வடகிழக்கு நோக்கியே எழுகிறது.

சென்னையிலிருந்து இந்தக் குறுக்கு வழியைத் தொடர்ந்தால், அது கன்னட நாட்டைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி, ஓமான் கரையேறி, ருப்உல் காலி என்னும் பெரும் பாலையின் மேல் சென்று ஹிஜாஸை அடையும். விமானம் இக்கோட்டில் அப்படியே செல்வதில்லை. வான்வழிகளும் நாடுகளின் கட்டுப்பாடுகளும் அதைச் சற்று வளைக்கும். குளிர்காலத்தில் வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று வீசும். ஆகவே மேற்கே போகும்போது நேரம் கூடும்; ஊர் திரும்பும்போது குறையும். பாய்மரக் காலத்தில் 'மவ்ஸிம்' என்ற பருவக்காற்றுக்கு அடங்கிய பயணம் இன்றும் காற்றுக்குச் சிறிதேனும் அடங்கியே நடக்கிறது.

பாயும் நீராவியும்

நீராவிக் கப்பல் வந்ததும் பருவக்காற்றுக்குக் காத்திருக்கும் நிலை நீங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் செங்கடல் பெருவழியாயிற்று. காலம் குறைந்தது, துன்பம் உடனே குறைந்துவிடவில்லை. 1880இல் 'ஜித்தா' என்ற பெயருடைய நீராவிக் கப்பல், சிங்கப்பூர், பினாங்குப் பகுதிகளிலிருந்து 900க்கும் மேற்பட்ட ஹாஜிகளை ஏற்றிச் சென்றது. ஏடன் வளைகுடாவை நெருங்கும்போது கப்பலில் நீர் புகுந்தது. ஐரோப்பியத் தலைவனும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் ஏறித் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதாகவும் அறிவித்தனர். ஆனால் கப்பல் மூழ்கவில்லை. மற்றொரு கப்பல் அதை இழுத்துக்கொண்டு ஏடன் வந்து சேர்ந்தது. ஜோசப் கான்ராட் என்னும் ஆங்கில நாவலாசிரியர் தமது 'லார்டு ஜிம்' நாவலுக்கு இந்நிகழ்ச்சியையே அடிப்படையாகக் கொண்டார். 1882 முதல் கிழக்கிலிருந்து வரும் ஹாஜிகள் நோய்த் தடுப்பின் பொருட்டுக் கமரான் தீவில் தடுத்து வைக்கப்பட்டனர். மக்கா அருகில் இருக்க, அங்கே நாட்களை எண்ணிக் கிடந்தனர்.

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 2,300 கடல் மைல். கப்பல் காலத்தில் அது ஒரு வாரத்துக்கு மேற்பட்ட பயணம். நம் ஊர்களிலிருந்து பம்பாய் வரையிலான ரயில் பயணம் வேறு. இந்தியாவிலிருந்து ஹாஜிகளின் கப்பல் போக்குவரத்து 1995இல் நின்றது. அதற்கு முன்பே, 1981இல், ஜித்தாவில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டுவிட்டது. அதன் ஹஜ் முனையத்தில் 210 கூடாரக் கூரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பாலைவனக் கூடாரத்தை நினைவூட்டும் அக்கூரைகளை உருவாக்கிய பொறியியல் அறிஞர்களில் முதன்மையானவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

பயணி யார்?

மர்ஹலாக் கணக்கில் மாதக்கணக்கான வழியை ஆறு மணி நேரத்தில் கடப்பவர் பயணிதானா? அவருக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை உண்டா? சாய்வு நாற்காலியில் அமர்ந்து உணவருந்திக்கொண்டு செல்பவருக்குச் சலுகை எதற்கு என்று கேட்போரும் உளர்.

ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமீ மைல் சுருக்கித் தொழும் தூரம். இன்றைய கணக்கில் எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்பர். ஹனஃபீ மத்ஹபில் நடுத்தர நடையில் மூன்று நாள் வழி. அதனை இந்திய உலமாக்கள் 48 ஆங்கில மைல் என்று வரையறுத்தனர். உயர்ந்து பறக்கும் விமானம் இத்தூரத்தை ஆறு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறது.

கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் இவ்வினாவுக்கு முன்கூட்டியே விடை தந்துவிட்டார்கள். கடலும் நிலத்தைப் போன்றதே. கடலில் அந்த மைல்களை ஒரு மணிப் பொழுதில் ஒருவர் கடந்துவிட்டாலும் சுருக்கித் தொழலாம் என்பது அவர்களின் கருத்து. ஒரு மணியில் 48 மைல் ஓடும் வாகனம் அவர்கள் காலத்தில் இல்லை. ஆயினும் சட்டத்தை வாகனத்தின் மேல் நிறுத்தாமல் தூரத்தின் மேல் நிறுத்தினார்கள். வாகனம் மாறும், தூரம் மாறாது. மூன்று நாள் வழியை விரைவாகக் கடந்தவரும் பயணியே என்பதே ஹனஃபீ அறிஞர்களின் முடிவும் ஆகும். நாம் மாணவர்களுக்கு இவ்விடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த ஒரு வரியின் தொலைநோக்கை எண்ணி வியக்கிறோம்.

தூரத்தால் தீராமல் காலத்தால் தீர வேண்டிய வினாக்களும் உண்டு. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் தீர்க்கரேகை வேறுபாடு 41 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம் 164 நிமிடம். இரண்டு மணி நாற்பத்து நான்கு நிமிடம். சென்னையில் ஸஹர் உணவு உண்டு, நோன்போடு மேற்கே பறப்பவரின் பகல் அவ்வளவு நீளும். ஃபஜ்ருக்குப் பின் புறப்பட்டவர் பயணத்தைக் காரணம் காட்டி அன்றைய நோன்பை முறிக்கலாகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஆகவே புறப்படும் நேரத்தை அறிந்து முடிவெடுப்பது நலம். விமானத்தில் இருப்பவர் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கலாகாது. தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் அடிவானம் மூன்று பாகைக்கு மேல் தாழ்ந்து தெரியும். கீழே மஃரிப் ஆன பின்னும் மேலே பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் சூரியன் தெரியும். நந்தனா மலையில் அல்பிரூனி கண்ட அதே தாழ்வுதான் இது. அவர் பூமியை அளக்கப் பயன்படுத்திய கோணம் நமக்கு இஃப்தார் நேரத்தைச் சொல்கிறது!

மீக்காத்தின் நிலையும் இத்தகையதே. கடல்வழியே சென்ற நம் முன்னோர் யலம்லமுக்கு நேரே வரும்போது கப்பலில் அறிவிப்பைக் கேட்டு, நிதானமாகக் குளித்து இஹ்ராம் அணிந்தனர். விமானமோ ஒரு நிமிடத்தில் பதினைந்து கிலோமீட்டர் வரை கடக்கிறது. ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போய்விடும். ஆகையால் ஆடையை முன்னரே அணிந்து, மீக்காத்தை அடையுமுன் நிய்யத்தை முடித்துக்கொள்ள வேண்டும். வேகம் கூடக் கூட முன்னேற்பாடும் கூட வேண்டும்.

கைவிடலாகாத கல்வி

வானியல் நம் மதரஸாக்களுக்குப் புதிதன்று. நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தில் 'ஷரஹுல் சக்மீனீ', 'தஷ்ரீஹுல் அஃப்லாக்' போன்ற நூல்கள் இடம் பெற்றிருந்தன. இல்முல் ஹைஅத் என்னும் அப்பாடம் மெல்ல மெல்லக் கைநழுவி வருவதை நாம் காண்கிறோம். கையடக்கக் கருவி கிப்லாவைக் காட்டுகிறது. அட்டவணை தொழுகை நேரத்தைத் தருகிறது. பின் கணக்கு எதற்கு என்று கேட்கின்றனர். கருவியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் கருவி சொல்வது ஏன் சரி என்று அறியாதவன், அது தவறும்போது தவறென்று அறியவும் மாட்டான். அலகை மறந்த கொலம்பஸின் கதையை மேலே கண்டோம்.

ஒவ்வொரு மதரஸாவிலும் ஓர் உருண்டையும் ஒரு நூலும் இருந்தால் போதும். தம் ஊரின் கிப்லாவை மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கட்டும். ஜித்தாவுக்குள்ள தூரத்தையும், மஃரிபின் நேர வேறுபாட்டையும் தாமே காணட்டும். கலகைப் பலகையின் பின்புறத்தில் வட்டம் கீறிச் சூரியனை அளந்தவரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 4,450 கிலோமீட்டர் என்ற எண்ணை மனப்பாடம் செய்வதால் அவர்களுக்குப் பயன் சிறிது. அதைக் காணும் வழியைக் கற்பதால் பயன் பெரிது.